வேலி தாண்டும் கோழிகளை நிறுத்துவது எப்படி: புறக்கடையில் வளர்ப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் புறக்கடையில் நாலு நாட்டுக்கோழி வைத்திருப்பவர், "உங்க கோழி எங்க கீரைப் பாத்திய மறுபடியும் கெளறிப் போட்டுடுச்சுங்க" என்று பக்கத்து வீட்டிலிருந்து வரும் குரலை ஒரு முறையாவது கேட்டிருப்பார். கேட்ட மறுநாளே சிலர் கத்தரிக்கோலை எடுத்து இறக்கையின் இறகுகளை வெட்டிவிடுகிறார்கள். சிலர் காலில் கயிறு போட்டு முளைக்குச்சியில் கட்டிவிடுகிறார்கள். கயிறு காலை அறுத்துப் புண்ணாக்கும். நாயோ கீரியோ வந்தால் கட்டிப்போட்ட கோழிக்குத் தப்பிக்க வழியில்லை. இறக்கையின் இறகுகளை வெட்டுவது அப்படிப்பட்ட கொடுமை அன்று. முறையாகச் செய்தால் கோழிக்கு வலியே இல்லை. ஆனாலும் அது கடைசியில் வரவேண்டிய வேலை. கோழி எதற்காகப் பறக்கிறது, எந்த இடத்தில் கால் வைத்து ஏறுகிறது என்ற இரண்டையும் கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கோழிகளுக்குக் கத்தரிக்கோலே தேவைப்படாது என்பது கன்னங்குறிச்சியில் மலையடிவாரத்தில் 11 ஆண்டுகளாகக் கோழி வளர்த்து நான் அறிந்துகொண்டது.

வேலியைச் சரிசெய்வது பக்கத்து வீட்டாரின் மனத்தாங்கலைத் தவிர்ப்பதற்கு மட்டும் அன்று. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய் ஒரு வீட்டுக் கோழியிலிருந்து அடுத்த வீட்டுக் கோழிக்கு எச்சத்தின் வழியாகவும், ஒரே தண்ணீரைக் குடிப்பதாலும் எளிதில் பரவுகிறது. தடுப்பூசி போடாத கூட்டத்தோடு நம் கோழி மேய்ந்துவிட்டு மாலையில் திரும்பினால், அது நோயையும் கூடவே கூட்டிக்கொண்டு வரலாம்.

கோழி பறக்கும் விதம்

வீட்டுக் கோழியின் முதன்மை மூதாதை செங்காட்டுக்கோழி. நம் சேர்வராயன் மலைக் காடுகளில் இருப்பது அதன் உறவான சாம்பல் காட்டுக்கோழி. வீட்டுக் கோழிகள் பலவற்றின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்பதை 2008-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இரண்டுமே பகலெல்லாம் தரையில் மேய்ந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் மரத்தில் ஏறி அடையும் பறவைகள். அந்தப் பழக்கம் நம் வீட்டுக் கோழியை விட்டு இன்னும் போகவில்லை.

சமைக்கும்போது நெஞ்சுக்கறி வெளுப்பாகவும் தொடைக்கறி கருஞ்சிவப்பாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாளெல்லாம் நடக்கும் காலின் தசை களைப்பைத் தாங்கும் வகையைச் சேர்ந்தது. இறக்கையை அடிக்கும் நெஞ்சுத் தசையோ ஒரே மூச்சில் முழு வலுவையும் கொட்டிவிட்டுச் சட்டென்று சோர்ந்துபோகும் வகை. ஆகவே கோழி காக்கையைப் போல வேலிக்கு மேலே பறந்து கடந்து போவது மிக அரிது. அது மேலே எழும்பும், ஏதாவது ஒன்றின் மீது உட்காரும், சுற்றிலும் பார்க்கும், பிறகு அந்தப் பக்கம் இறங்கும். அதாவது கோழிக்கு வேலி என்பது ஏறி உட்காரும் ஒரு கொம்பு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் இனிச் சொல்லப்போகும் வேலைகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

எல்லாக் கோழியும் ஒரே உயரம் எழும்பாது. சிறிய நாட்டுக்கோழி வகையான, ஒன்றரைக் கிலோவுக்குள் நிற்கும் சிறுவிடைப் பெட்டை, ஓட்டு வீட்டின் கூரை வரை சிரமமின்றி ஏறும். பெரிய உடல் கொண்ட நாட்டுக்கோழிகளான பெருவிடையும் அசிலும் வளர்ந்தபின் எடையால் தாழ்ந்துவிடும். ஆனால் மூன்றிலிருந்து ஆறு மாத வயதில், உடல் இன்னும் கனக்காமல் இறக்கை மட்டும் முழுதாக வளர்ந்திருக்கும்போது, அவையும் சிறுவிடைக்குச் சளைக்காமல் பறக்கும். வனராஜா போன்ற கனத்த இனங்களுக்கு 4 அடி வேலி பெரும்பாலும் போதும். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் முட்டைக் காலம் முடிந்தபின் விற்கப்படும் வெள்ளைக் கோழிகளை வாங்கி வளர்ப்போர் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: கூண்டிலேயே இருந்து வலுவிழந்த அவை முதல் சில வாரங்கள் தரையை விட்டு எழும்பாது, கால் ஊன்றித் தேறியதும், எடை குறைந்த இனம் என்பதால், நாட்டுக்கோழிக்கு ஈடாக ஏறத் தொடங்கிவிடும். "இது பறக்காத கோழி" என்று நம்பித் தாழ்வான வேலி போட்டவர்கள் பிறகு இரண்டாம் முறையும் செலவு செய்கிறார்கள்.

முதல் வேலை: மூன்று நாள் பார்த்தல்

எதையும் வாங்குவதற்கு முன், மூன்று நாட்களுக்குக் காலையில் கூட்டைத் திறந்துவிட்ட முதல் ஒரு மணி நேரமும், மாலையில் இருட்டுவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் புறக்கடையில் உட்கார்ந்து பாருங்கள். எந்தக் கோழி, எந்த நேரத்தில், எந்த இடத்திலிருந்து போகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துக் கோழிகளில் தாண்டுவது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ தான்; மற்றவை அதன் பின்னால் போய்ப் பழகியவையாக இருக்கும்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு செவலைப் பெட்டை இருந்தது. 6 அடி காம்பவுண்டு சுவரை அது எப்படித் தாண்டுகிறது என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. கடைசியில் ஒரு மாலை நேரம் படியில் அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன். அது துவைக்கும் கல்லின் அருகே வந்து நின்று, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தது. கழுத்தை நீட்டி இரண்டு முறை அளவெடுப்பதுபோல் ஆட்டிவிட்டு, உடம்பைத் தாழ்த்திக் கல்லின் மேல் எம்பியது. அங்கிருந்து தண்ணீர்த் தொட்டியின் மூடி. மூடியிலிருந்து சுவரின் தலைப்பு. ஒவ்வொரு தாவலும் இரண்டரை அடிக்கு மேல் இல்லை. சுவரின் மேல் நின்று இறகைச் சிலுப்பிக்கொண்டு, அவசரமே இல்லாமல் அந்தப் பக்கம் இறங்கியது. சுவரை உயர்த்தக் கொத்தனாரை அழைக்கவிருந்த நான், துவைக்கும் கல்லுக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு பழைய தகரத்தை நிறுத்தினேன். ஒரு வாரம் வேறு வழி தேடிப் பார்த்த செவலை, பிறகு அந்த முயற்சியை விட்டுவிட்டது.

வேலியிலிருந்து 10 அடிக்குள் இருக்கும் விறகு அடுக்கு, உரல், தண்ணீர் டிரம், நிறுத்திவைத்த இருசக்கர வண்டி, முருங்கையின் தாழ்ந்த கிளை ஆகிய எல்லாமே கோழிக்குப் படிக்கட்டுகள்தாம். பலரும் மறந்துவிடுவது கோழிக்கூண்டின் கூரையை. கூண்டைச் சுவரோடு ஒட்டி வைத்தால் நாமே ஏணி வைத்துக் கொடுத்ததற்குச் சமம். நகர்த்தக்கூடியவற்றை நகர்த்துங்கள், நகர்த்த முடியாதவற்றின் மேற்பரப்பில் சாய்வாக ஒரு தகரத்தையோ பலகையையோ பொருத்தினால் கால் வழுக்கி நிற்க முடியாமல் போகும்.

இரண்டாவது வேலை: போக வேண்டிய காரணத்தை நீக்குதல்

காலையில் திறந்ததும் தாண்டும் கோழி பசியால் தாண்டுகிறது. குருணையும் கம்பும் மட்டும் போட்டால் வயிறு நிறையும், ஆனால் புழுபூச்சி தேடும் வேட்கை அடங்காது. அந்தப் பக்கத்து ஈரமான கீரைப் பாத்தி அதை இழுத்துக்கொண்டே இருக்கும். நம் பக்கத்திலேயே ஒரு மூலையில் எருவும் சருகும் குவித்துத் தண்ணீர் தெளித்துவந்தால் கோழி அங்கே கிளறிக்கொண்டு நாளைக் கழிக்கும். பழைய பானைக்குள் சாணமும் கிழிந்த சாக்கும் காய்ந்த ஓலையும் ஈரமாக்கித் திணித்து, கரையான் இருக்கும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் அதற்குள் ஏறியிருக்கும் கரையானை உதறிப் போடுவதற்குள் கோழிகள் காலைச் சுற்றிக்கொள்ளும். இது நம் பாட்டிமார் செய்த வேலை. இன்றும் இதைவிட மலிவான புரதத் தீவனம் இல்லை.

நடுப்பகலில் தாண்டும் பெட்டை முட்டையிட இடம் தேடுகிறது என்று கொள்ளலாம். நாலைந்து பெட்டைக்கு ஒன்று என்ற கணக்கில், இருட்டான மூலையில் வைக்கோல் பரப்பிய கூடைகளை வையுங்கள். ஒரு கூடையில் ஒரு முட்டையையோ முட்டை வடிவக் கல்லையோ போட்டுவைத்தால் அதைப் பார்த்து மற்றவையும் அங்கேயே இடும். அடுத்த வீட்டு வைக்கோல் போரில் முட்டையிட்டுப் பழகிய கோழியை நான்கைந்து நாட்களுக்கு முற்பகல் முடியும்வரை கொடாப்பு என்னும் கவிழ்கூடைக்குள் அடைத்துவைத்து, கூடையும் அதற்குள்ளேயே வைத்தால் பழக்கம் மாறும்.

பெட்டை பறந்து ஓடுவதற்குச் சேவலின் தொல்லையும் ஒரு காரணம். நான்கு பெட்டைக்கு இரண்டு சேவல் இருந்தால் பெட்டைகளின் முதுகில் இறகு கொட்டி வெறும் தோல் தெரியும். அந்நிலையில் வேலியை எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை. ஒரு சேவலைக் குறைப்பதே வழி. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இட நெருக்கடியும் இப்படித்தான் விரட்டும்: திறந்தவெளியில் ஒரு கோழிக்கு 10 சதுர அடியாவது இருக்கட்டும்.

மாலையில் தாண்டும் கோழியின் சங்கதி வேறு. அது உயரமான இடத்தில் அடைய விரும்புகிறது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வீட்டில் இருக்கும் என் பெரியம்மாவின் கோழிகள் எல்லாம் சில்வர் ஓக் மரங்களில் ஏறியவைதாம். "பனி எறங்கறதுக்குள்ள ஒவ்வொண்ணா எறக்கிக் கூட்டுல உடறதுக்குள்ள இடுப்பே ஒடிஞ்சு போவுது சாமி" என்பார். 1,500 மீட்டர் உயரத்து மார்கழிக் குளிர் ஒருபுறம், இரவில் மரமேறும் மரநாய் இன்னொருபுறம். அங்கே நாங்கள் செய்தது இரண்டே மாற்றங்கள். கூண்டுக்குள் உருண்டையான கொம்புகளைக் கோழிக்கு 8 முதல் 10 அங்குல இடம் கிடைக்கும்படி குறுக்கே கட்டினோம், இருட்டுவதற்கு அரை மணி முன்பே, "பா... பா..." என்று கூப்பிட்டு அன்றைய கம்பைக் கூண்டுக்குள் மட்டுமே போட்டோம். அதற்கு முன் பத்து நாட்கள் கோழிகளை வெளியே விடாமல் அடைத்தும் வைத்தோம். புதிதாக வாங்கிவந்த கோழிகளுக்கும் இதே முறைதான்: ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் உள்ளேயே வைத்தால்தான் 'இது நம் வீடு' என்று அவற்றுக்குப் பதியும்.

மூன்றாவது வேலை: வேலியின் தலைப்பு

வேலியின் உயரத்தைவிட அதன் தலைப்பு எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். தலைப்பில் சட்டமோ மூங்கிலோ தடித்த கம்பியோ ஓடினால், கோழி கீழிருந்து அதைப் பார்த்து, அதையே இலக்காக வைத்து எழும்பும். உட்கார ஒன்றும் தெரியாவிட்டால் எழும்பத் தயங்கும். எனவே சிறுவிடைக்கும் முட்டைக்கோழிக்கும் 6 அடி உயரத்தில் கம்பிவலை போடும்போது, மேல்சட்டம் வைக்காதீர்கள். மேலே உள்ள ஓரடியை இழுத்துக் கட்டாமல் தளர்வாக விட்டு, கோழி இருக்கும் பக்கமாகச் சற்றுச் சாய்த்துவிடுங்கள். தப்பித்தவறி அதில் உட்கார முயலும் கோழிக்குக் கால் ஆட்டம் கொடுக்கும். அது உள்பக்கமே இறங்கிவிடும்.

நம் பக்கத்தில் வேலிக்கு நடும் கல்லுக்கால்களின் தட்டையான தலை, கோழிக்கு நாற்காலி போட்டதைப் போன்றது. வலையைக் கல்லுக்காலின் உட்புறமாகக் கட்டி, மெல்லிய கம்பிகளைத் துணையாக வைத்து, கல்லின் உச்சிக்கு மேல் ஓரடி நிற்கும்படி செய்தால் அந்த உச்சி கோழிக்கு எட்டாது. வலைக்கு அதிகம் செலவிட இயலாதவர்கள், தோட்டங்களில் மயிலுக்கும் பன்றிக்கும் கட்டுவதுபோல் பழைய சேலைகளை வேலியின் மேல்பகுதியில் கட்டலாம். சேலை இரண்டு வகையில் உதவுகிறது: அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதை மறைக்கிறது, காற்றில் ஆடுவதால் உட்கார இடம் தருவதில்லை. வெயிலில் நைந்துபோகும்போது மாற்றிவிட வேண்டும்; நைந்த நூலில் கோழியின் கால் சிக்கும்.

கிளுவை வேலி வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மெல்லிய, முள்நுனி கொண்ட கிளுவைக் கிளைகளில் கனமான கோழிக்கு உட்கார வசதிப்படாது. அங்கே ஓட்டை அடிப்பக்கத்தில் இருக்கும். கீழ் இரண்டடிக்கு ஓரங்குலக் கண் உள்ள வலையைக் கட்டி, அதன் அடியை அரையடி மண்ணுக்குள் புதைத்தால் குஞ்சும் வெளியேறாது, கீரியும் எளிதில் பறித்து நுழையாது.

காம்பவுண்டு சுவர்தான் கடினம். ஒன்பது அங்குல அகலத் தலைப்பு கோழிக்கு ராஜபாட்டை. சுவரின் உட்புறம் 5 அடிக்கு ஒன்றாகக் கம்பிகளை நட்டு, சுவருக்கு மேல் இரண்டடி உயரும் நைலான் வலையைத் தளர்வாகக் கட்டுவது நல்ல தீர்வு. கண்ணாடிச் சில்லுகளைப் பதிப்பதையும் முள்கம்பி சுற்றுவதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். கோழி அதைப் பார்த்து ஒதுங்குவதில்லை, மிதித்துக் காலைக் கிழித்துக்கொள்கிறது.

இடம் சிறிதாக இருந்தால் மேலேயே வலை போட்டு மூடிவிடுவதைப் போல நிம்மதி வேறில்லை. வல்லூறும் பருந்தும் குஞ்சைத் தூக்குவதும் அதோடு நிற்கும். ஏற்காட்டில் மட்டும் ஒரு தொல்லை: சில்வர் ஓக் சருகு வலையில் குவிந்து, மழையில் நனைந்து, பாரத்தால் வலை தொங்கிவிடும். ஆகவே அங்கே வலையை நடுவில் உயர்த்திக் கூரைபோல் இருபுறமும் சாயும்படி கட்ட வேண்டும்.

கடைசி வேலை: இறக்கை கத்தரித்தல்

இத்தனைக்குப் பிறகும் தாண்டும் கோழி ஒன்றிரண்டு இருக்கும். அவற்றுக்கு மட்டும் கத்தரியுங்கள். கூட்டம் முழுவதற்கும் வேண்டாம். குஞ்சுகளோடு திரியும் தாய்க்கோழிக்குச் செய்யவே கூடாது, ஏனெனில் பருந்தை எதிர்த்து எழும்ப அதற்கு இறக்கை வேண்டும். வேலியே இல்லாமல் திறந்த காட்டில் மேயும் கோழிக்கும் கூடாது.

ஒரு பக்க இறக்கையை மட்டும் வெட்ட வேண்டும். இரண்டையும் வெட்டினால் சமநிலை மாறாததால் எடை குறைந்த கோழி சிறகடித்து ஓரளவு ஏறிவிடும். ஒன்றை மட்டும் வெட்டினால் எழும்பும்போதே உடல் ஒரு பக்கமாகச் சாயும். கோழி அந்த முயற்சியைக் கைவிடும்.

கோழி அடைந்த பிறகு, இருட்டில் பிடித்தால் மிரளாது. இருவர் இருப்பது நல்லது. ஒருவர் துண்டால் கோழியைச் சுற்றி, கால்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு இறக்கையை மட்டும் வெளியே எடுத்து விசிறிபோல் விரிக்க வேண்டும். இறக்கையை நுனியில் பற்றி இழுக்காமல், மூட்டுக்கு அருகே தாங்கிப் பிடியுங்கள். வெளிநுனியில் நீளமான, விறைப்பான பத்து இறகுகள் தெரியும். கோழி எழும்புவதற்கு முக்கியமானவை அவைதாம். இறக்கையை மடக்கினால் இவை உள்ளே மறைந்துகொள்வதால், வெட்டிய பிறகும் கோழியின் தோற்றம் கெடுவதில்லை. அவற்றின் அடியை மூடியபடி ஒரு வரிசை சிறிய இறகுகள் இருக்கும்.

வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு இறகின் தண்டையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள்; இந்த ஒரு நிமிடத்தைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள். முற்றிய இறகின் தண்டு வெளுத்து, உள்ளே வெறுமையாக இருக்கும். அது நம் நகத்தைப் போன்றது, வெட்டினால் வலிக்காது. புதிதாக வளரும் இறகின் தண்டு அடியில் கருநீலமாகவோ செந்நிறமாகவோ பருத்திருக்கும். அதற்குள் இரத்தம் ஓடுகிறது, அதைத் தொடக்கூடாது. பாதிக்கு மேல் அப்படி இருந்தால் அன்று விட்டுவிட்டு, சில வாரம் கழித்துப் பாருங்கள்.

கூர்மையான கத்தரிக்கோலால், சிற்றிறகு வரிசையின் விளிம்பிலிருந்து ஓரங்குலம் தள்ளி, நுனியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பத்தையும் வெட்டுங்கள். அந்த விளிம்புக்கு உள்ளே கத்தரி போகவே கூடாது; அங்கே சதையும் எலும்பும் உள்ளன. தவறி இரத்தம் வந்துவிட்டால் பதறாமல் மக்காச்சோள மாவையோ மஞ்சள்தூளையோ வைத்துச் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிற்கும்வரை கோழியைத் தனியே வையுங்கள். இரத்தத்தைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தும். பத்து நிமிடத்துக்கு மேலும் நிற்காவிட்டால் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இறக்கையின் நுனி மூட்டையே அறுத்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது ஊனமாக்குவது, ஒருபோதும் செய்யாதீர்கள்.

வெட்டிய மறுநாளிலிருந்து கூண்டின் கொம்பை இரண்டடிக்குத் தாழ்த்திவிடுங்கள். உயரத்திலிருந்து இறங்கும்போது ஒரு பக்கம் தாங்காமல் விழுந்தால் பாதத்தில் அடிபட்டுச் சீழ்க்கட்டி வரும்.

வெட்டிய இறகு அப்படியே நீளாது. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை இறகு உதிரும்போது விழுந்து, புது இறகு முளைக்கும். இளங்கோழிகள் ஐந்தாறு மாதம்வரை பலமுறை இறகு மாற்றுவதால் மூன்று மாத வயதில் வெட்டியது விரைவிலேயே வீணாகிவிடும். மாதம் ஒரு முறை இறக்கையை விரித்துப் பார்த்துவாருங்கள். ஆனி முடிவில் கட்டாயம் பாருங்கள்: எதிர்காற்று கோழியைத் தூக்கிக் கொடுக்கும் என்பதால், அம்மியையும் பறக்கவைக்கும் ஆடிக் காற்றில், மற்ற மாதங்களில் தாண்டாத கோழிகூடத் தாண்டிவிடும்.

இதற்கிடையில் ஏதேனும் ஒரு கோழி அந்தப் பக்கம் போய்விட்டால் துரத்தாதீர்கள். துரத்தினால் இன்னும் உயரமாகப் பறக்க நாமே கற்றுக்கொடுத்தவர்கள் ஆவோம். அடுத்தவர் பாத்தியும் மிதிபடும். கேட்டைத் திறந்துவைத்து, தீவனத் தகரத்தைத் தட்டி, வழக்கமாகக் கூப்பிடும் குரலில் கூப்பிடுங்கள். தினமும் அந்த ஒலிக்குக் கம்பு கிடைத்துப் பழகிய கோழி, தரையில் நடந்தே கேட் வழியாகத் திரும்பி வரும்.